சிங்கக் கெபியில் இறால்

கடலைக் கண்ணாற் காணாத ஊரிற் பிறந்தார்க்குக் கடல் பெரும்பாலும் ஏட்டிலேயே அலை வீசும். எமது ஊராகிய படவேடு அத்தகையது. சவ்வாது மலையடியில், கமண்டல நாகநதிக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கும் பட்டுத் தறிகளுக்கும் இடையே அமைந்தது அது. ரேணுகாம்பாள் கோயிலை நாடி ஆடித் திங்களில் வரும் அடியார் கூட்டத்தாலும், முன்னொரு காலத்தில் சம்புவராயர்க்குத் தலைநகராயிருந்த பெருமையாலும் அதன் பெயரைப் பலர் அறிவர். கிழக்குக் கடற்கரையோ அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலது. அவ்வூரில், தறியோசை ஓயாத ஓர் ஓட்டு வீட்டின் கூடத்தில், நான்கடி நீளமுள்ள கடல் ஒன்று உளது என்றால் இவ்விதழைப் படிப்போர் நகைத்தல் கூடும். நகையற்க. அஃது எம் தமையனார் கண்ணாடித் தொட்டியில் அமைத்த கடல். அதில் யாம் இழைத்த பிழையொன்றையும், அதனாற் கற்றதையும் உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர் இறாவையும் சுறாவையும் முதலிற் சந்திக்கும் இடம் கடலன்று; இலக்கணம். தனிக்குறிலின் பின் நின்ற ஆகாரம் செய்யுளிற் குறுகி உகரம் பெறும் என்னும் நன்னூல் விதியால், நிலா என்பது நிலவு ஆதல் போல, இறா இறவு ஆகும். சுறா சுறவு ஆகும். விழுங்குவதற்கும் விழுங்கப்படுவதற்கும் விதி ஒன்றே! இலக்கண நூலில் அவ்விரண்டும் ஒரே வரிசையிற் பகையின்றி நிற்கின்றன. அவ்வமைதி தொட்டியிலும் நிலவும் என யாம் எண்ணினோம் போலும்.

எம் தமையனார் மேல்நிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திச் சென்னைக் கொளத்தூருக்குச் சென்றவர். அழகு மீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற அப்பகுதியில், கடல் மீன் விற்கும் கடையொன்றில் இரண்டாண்டு வேலை செய்தார். எம் தந்தையார்க்குக் கண்ணொளி குன்றி, இழை முடிதலும் அரிதாயினபோது, அவர் தறிக்குத் திரும்பினார். யாம் கல்லூரிக்குப் புறப்பட்டோம். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. அவர் விடைபெற்ற நாளில் கடையின் உரிமையாளர், செதிலொன்று சிதைந்தமையால் எவரும் வாங்காதிருந்த சிங்கமீன் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். சிவப்பும் வெண்மையுமான கோடுகள் உடம்பெங்கும் ஓட, மயிற்றோகை விரித்தாற்போலச் செதில்களை விரித்து அசையாது மிதக்கும் அம்மீனின் முதுகு முட்களில் நஞ்சு உண்டு. மன்னார் வளைகுடாவிலும் வாழும் இவ்வினம், 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் முதன்முதற் காணப்பட்டது. பின்னர் அது கரீபியக் கடலெங்கும் பரவி, அங்குள்ள சிறுமீன்களை விழுங்கி வருதலைக் கடல்நூலார் கவலையோடு கூறுவர். தன் உடல் நீளத்திற் பாதியளவுள்ள இரையையும் விழுங்கவல்ல வாய் அதற்கு உண்டு. இதனை யாம் பின்னரே அறிந்தோம்.

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துக் காணும் ஆசை நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பாரின் முயற்சியாற் பிறந்த கடல் மீன் காட்சிசாலை 1909ஆம் ஆண்டில் மெரீனாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. ஆயின் கடற்கரையிற் கடலைத் தொட்டியில் வைத்தல் எளிது. படவேட்டில் வைத்தல் எளிதன்று. நன்கு வடிகட்டிய நன்னீரில், லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம், இதற்கென விற்கும் கடலுப்புக் கலவையைக் கரைத்தல் வேண்டும். சமையல் உப்பு உதவாது. எம் தொட்டியில் ஏறத்தாழ 200 லிட்டர் நீர். ஆகவே 7 கிலோகிராம் உப்பு. நீர் ஆவியாகுந்தோறும் உப்பு எஞ்சி நிற்றலால், குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். நீரின் வெப்பம் 25 பாகையை ஒட்டியிருத்தல் நலம். எம் ஊர்க் கோடையிலோ தந்தையார்க்கு வீசும் விசிறியைத் தொட்டியின் பக்கம் திருப்பினாலன்றி அஃது இயலாது. மின்சாரம் நின்றாற் காற்றுக் குமிழியும் நிற்கும். இவையனைத்தையும் எம் தமையனார் தறியில் அமர்ந்தபடியே கவனித்து வந்தார்.

சென்ற செப்டம்பர் விடுமுறையை ஒட்டி, அவரிடமிருந்து தொலைபேசியிற் செய்தி வந்தது. சிங்கமீன் இரண்டு நாளாக உணவு கொள்ளவில்லை என்றும், மேனி மங்கி மெல்லிய படலம் போர்த்தாற்போலத் தோன்றுகிறது என்றும், அடிக்கடி வாயைப் பிளந்து உடலை உதறுகிறது என்றும் கூறினார். அப்பொழுதுதான் யாம் கல்லூரி நூல்நிலையத்தில், உயிரினங்கள் ஒன்றற்கொன்று செய்யும் உதவியைப் பற்றி ஒரு நூலைப் படித்திருந்தோம். கான்ராட் லிம்பா என்னும் அமெரிக்கக் கடலாய்வாளர், பெருமீன்களின் உடலில் ஒட்டிய புல்லுருவிகளைப் பொறுக்கியுண்ணும் சிறுமீன்களையும் இறால்களையும் பற்றி எழுதிய கட்டுரை 1961ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பவளப்பாறையின் ஒரு மூலையில் இறால் நின்று, தன் வெண்ணிற உணர்கொம்புகளை அசைத்து அழைக்கும். களவாய் மீனும் அஞ்சாலையும் அங்கு வந்து வாயைத் திறந்து நிற்கும். இறால் அவ்வாயினுள்ளும் புகுந்து துப்புரவு செய்து உயிரோடு மீளும். இச்செய்தி எம் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. உடனே, "அண்ணா, மருந்து வேண்டா, இறால் வாங்கி விடுவோம், அது நோயைத் தின்றுவிடும்" என்றோம்.

"தம்பி, நீ படித்தவன். நீ சொன்னாற் சரியாகத்தான் இருக்கும்" என்றார் அவர், அடுத்த நாளே பணம் அனுப்பினார். அது நான்கு நாள் நெசவுக் கூலி.

ஊர் செல்லும் வழியிற் கொளத்தூரில் இறங்கினோம். தமையனார் வேலை பார்த்த கடை அன்று அடைத்திருந்தமையால் வேறொரு கடையிற் புகுந்தோம். முதுகு சிவந்து நடுவே வெண்கோடு ஓடும் இறால் ஒன்றைக் காட்டி, 'கிளீனர்' என்றனர். கையிலிருந்த பணத்திற்கு ஒன்றே கிடைக்கும். அருகில், உடம்பு கண்ணாடி போலத் தெளிந்து, செந்நிற மெல்லிய கோடுகள் ஓடும் சிற்றிறால்கள் இருந்தன; அவற்றிற்குப் 'பெப்பர்மின்ட்' என்று பெயர்; அதே பணத்திற்கு மூன்று. இரண்டும் லைஸ்மாட்டா என்னும் ஒரே பேரினம் என்பதை யாம் படித்திருந்தோம். ஒரே குடும்பமாயின் ஒரே தொழிலன்றோ என்று முடிவு கட்டி மூன்றை எடுத்தோம். "எந்த மீனோடு விடப் போகிறீர்கள்?" என்று கடைக்காரர் வினவினார். சிங்கமீன் என்றதும் தலையை அசைத்து, "வேண்டாம், தம்பி" என்றார். யாம் அவருக்கு லிம்பாவைப் பற்றி விளக்கினோம். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டுப் பையைக் கட்டித் தந்தார்.

ஆரணிப் பேருந்தில் அப்பையை மடியில் வைத்துக்கொண்டு சென்றோம். வீடு சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. பை நீரோடு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, இறால்களை மெல்ல விட்டோம். அவை தொட்டியின் மூலைக்குப் பதுங்கிச் சென்றன. சிங்கமீன் அசையவில்லை. விளக்கை அணைத்து உறங்கினோம். வைகறையில் எழுந்து பார்த்தபோது மூன்றில் ஒன்றும் இல்லை. உணர்கொம்பு ஒன்றின் துண்டு மட்டும் மணலின் மேல் கிடந்தது.

தானியேல் சிங்கக் கெபியில் எறியப்பட்ட இரவில் சிங்கங்களின் வாயைக் கட்டினவர் இன்னார் என்பதை ஞாயிறுபள்ளிச் சிறுவரும் அறிவர். எம் சிங்கமீனின் வாயைக் கட்டும் வேலையையோ யாம் எம் கல்விச் செருக்கினிடம் ஒப்படைத்திருந்தோம். தமையனார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அத்துண்டை வலையால் எடுத்துவிட்டுத் தறியிற் சென்று அமர்ந்தார். நாடா ஓடும் ஓசை எம் நெஞ்சில் நெடுநேரம் இடித்தது. நான்கு நாள் கூலி மட்டுமன்று. எம் புத்தகமும், விடுதிக் கட்டணமும், அணிந்திருந்த சட்டையும் அவ்வோசையினின்றே வந்தவை என்பது அன்றுதான் எமக்கு உறைத்தது. பெரியது சிறியதை உண்ணுதல் தொட்டியில் மட்டும் நிகழ்வதன்று. எங்கள் வீட்டில் மூத்தவர் உழைப்பை இளையவராகிய யாம் உண்டு வந்தோம். அதனை நன்றியின்றி, அறிவுரை கூறிக்கொண்டே உண்டோம்.

அன்று மாலை அவர் தம் பழைய முதலாளியோடு தொலைபேசியிற் பேசினார். அவர் கூறிய விடை எம்மை மேலும் தலைகுனியச் செய்தது. சிங்கமீன் அவ்வப்போது தன் மேற்படலத்தைக் கழற்றும் இயல்புடையது. அக்காலத்தில் மேனி மங்கலும், வாய் பிளத்தலும், உடலை உதறுதலும் இயல்பு. நோயன்று என்பதே அவ்விடை. மூன்றாம் நாள் அது தானே தெளிந்தது. நோயில்லாத மீனுக்கு, மருத்துவம் அறியாத இறாலை, படித்தவன் என்ற துணிவால் அனுப்பினோம். உண்மையான வெண்புள்ளி நோய் வந்திருப்பினும் இறால் அதற்கு மருந்தாகாது. அந்நோயின் கிருமி தோலின் கீழ்ப் புதைந்திருப்பதாகலின், மீனைத் தனிக் கலத்திலிட்டு மருந்து செய்தல் வேண்டும். செம்பு கலந்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினாலோ, அது மீனுக்கு முன் இறாலைக் கொல்லும்.

நிற்க. அதன்பின் யாம் நூலையும் கடைக்காரர் அனுபவத்தையும் ஒருங்கே வைத்துக் கற்றவற்றை, இத்துறையில் இறங்க விரும்பும் நண்பர்களுக்காகச் சுருங்கக் கூறுவோம்.

முதலில் வினவ வேண்டுவது எவ்விறால் என்பதன்று, எம்மீன் என்பதே. கிளாத்தியும் பேத்தையும் ஓட்டை உடைத்துண்ணவே பல் படைத்தவை; அவற்றோடு இறாலை வைத்தல் பூனையோடு எலியை வைத்தலாகும். அஞ்சாலையில் இரு திறம் உண்டு. கூரிய நெடும்பல் உடையவை பெரும்பாலும் மீனுண்பன. அவை இறாலைப் பொறுத்தலும், அதனிடம் துப்புரவு பெறுதலும் பலர் கண்டவை. மழுங்கிய பல் உடையவை நண்டும் இறாலும் உண்பன, அவற்றை நம்பலாகாது. களவாயும் சிங்கமீனும் கடிப்பனவல்ல, விழுங்குவன. ஆகவே அவற்றின் வாயின் அகலமே இறாலின் விதி. பசியும் அந்திப்பொழுதும் சேர்ந்தால், நேற்று வரை பொறுத்தது இன்று பொறாது.

அடுத்து இறால். வெண்கோடு ஓடும் 'கிளீனர்' இறாலே இத்தொழிலிற் சிறந்தது. லைஸ்மாட்டா அம்பாய்னென்சிஸ் என்பது நூலோர் இட்ட பெயர். அது தன் நிறத்தாலும் அசைவாலும் 'யான் இரையல்லேன், ஏவலன்' என்று மீனுக்கு அறிவிக்கிறது. இரண்டாக வைத்தல் நலம். அவை தம்முள் போரிடா. குருதிச் சிவப்பில் வெண்புள்ளி தெளித்த இறால் அதன் உறவினதேயாயினும் நாணமுடையது. வளையை விட்டு எளிதில் வெளிவாராது. சிவப்பும் வெண்மையுமான பட்டைகளும் நீண்ட இடுக்கிகளும் கொண்ட 'பாக்ஸர்' இறால், அதாவது ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸ், தன்னைக் காக்க வல்லது. எனினும் இணையல்லாத இரண்டை ஒரு தொட்டியில் வைத்தால் ஒன்றை ஒன்று கொல்லும். பிற இறாலையும் சிறுமீனையும் துன்புறுத்தும். யாம் வாங்கிய 'பெப்பர்மின்ட்' போன்றவை இரவில் உலவும் எளிய உயிர்கள். பெருமீன் உள்ள இடத்தில் அவை இரையேயாகும். குடும்பப் பெயர் ஒன்றாயினும் குணம் ஒன்றாகாது என்பதை இறாலிடம் கற்றோம்.

பிறகு முறை. இறால் முதலிற் குடியேறி இடம் பிடித்த பின்னரே பெருமீனை விடுதல் வேண்டும். முன்னரே மீன் ஆளும் தொட்டியிற் பின்வரும் எவ்வுயிரும் உணவாகவே தோன்றும். மீன் நுழைய இயலாத குறுகிய வளைகள் வேண்டும். பவளப்பாறையை நாடற்க, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைக் காக்கிறது. மண்குழாய்த் துண்டுகளே போதும். எல்லாவற்றினும் நுண்ணியது இறால் சட்டை கழற்றும் காலம். வளர்ந்த உடலுக்குப் பழைய ஓடு போதாமையால் அதனைக் கழற்றியெறிந்து, புதிய ஓடு இறுகும் வரை அது மென்மையாகக் கிடக்கும். கழற்றிய ஓட்டைக் கண்டு இறால் இறந்தது என்று அழுவாரும் உளர். இறால் வளையிற் பதுங்கியிருக்கும். அந்நாட்களில் அதனைக் காப்பது வளையன்றி வேறில்லை.

இன்னொன்றும் அறிந்தோம். இத்துப்புரவு இறாலின் குஞ்சுகள் பல மாதங்கள் நீரில் மிதந்து, பலமுறை உருமாறிய பின்னரே இறால் வடிவம் பெறுவன. அவற்றைத் தொட்டியில் வளர்த்தெடுத்தல் மிக அரிது. ஆகவே கடையிலுள்ளவற்றுட் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. ஒன்றை நம் தொட்டியில் இழந்தால், ஏதோ ஒரு பாறையின் மூலையில் மீன்கள் வாய்திறந்து நிற்கும் இடம் ஒன்று வெறுமையாகிறது. இதனை அறிந்தபின் 'போனால் நான்கு நாள் கூலி' என்று கூற எமக்கு வாய் எழவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தமையனார் தாமே, "இன்னொரு முறை பார்ப்போமா?" என்றார். யாம் தயங்கினோம். அப்போது அவர் கூறியது இன்றும் எம் செவியில் உளது: "பழைய பாவோடு புதுப் பாவைப் புணைக்கிறோமே, இழைக்கு இழை பார்த்துத்தானே புணைக்கிறோம்? அவசரப்பட்டால் நெய்யும்போது அறும். அன்றைக்கு நீ அவசரப்பட்டாய், அவ்வளவுதான்."

இம்முறை அவரே சென்று, நன்கு வளர்ந்த 'கிளீனர்' இறால் இரண்டை வாங்கி வந்தார். துளையிட்ட தகட்டால் தொட்டியை இரண்டாகப் பிரித்தோம். மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து இரண்டு மணி நேரம் பழக்கினோம். பதினைந்து நாள் ஒன்றையொன்று காணவிட்டோம். சிங்கமீனைக் குச்சியின் நுனியில் வைத்த மீன் துண்டுகளால் வயிறார ஊட்டினோம். பிறகு, நண்பகல் வெளிச்சத்தில் தகட்டை எடுத்தோம். சிங்கமீன் மெல்ல அணுகிற்று. இறாலொன்று மண்குழாயின் வாயில் நின்று, உடலை இருபுறமும் ஆட்டி, உணர்கொம்புகளை வீசிற்று. மீன் நின்றது. இறால் அதன் கன்னத்தில் ஏறிற்று. எம் தந்தையார்க்கு அது தெளிவாகத் தெரியாமையால் தமையனார் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை யாம் மறவோம்.

கதை இங்கு முடியின் இனிது. லெந்து நாட்களில் ஒரு காலை அவரிடமிருந்து செய்தி வந்தது. இரவில் ஓர் இறால் சட்டை கழற்றியது. ஓடு மணலிற் கிடக்கிறது. இறால் எவ்வளையிலும் இல்லை. "நான் விழித்திருக்க வேண்டும், தம்பி" என்றார். பகலெல்லாம் தறியில் உழைத்தவர், இறாலுக்காக இரவிலும் விழித்திருக்கவில்லையே என வருந்தினார். யாம் ஆறுதல் கூற முயன்று, சொல் கிடைக்காமல் நின்றோம். சிங்கமீனையும் பழிக்க இயலவில்லை. அது செய்த உடன்படிக்கை ஒன்றும் இல்லை. உடன்படிக்கை செய்ததாக நினைத்தவர் யாமே.

அன்றே அவர் தகட்டை மீண்டும் பொருத்திவிட்டார். எஞ்சிய இறால் ஒரு பாகத்தில், சிங்கமீன் மறுபாகத்தில். நீர் ஒன்றே, வாழ்விடம் இரண்டு. "இனி இதில் வேறு இறால் விட வேண்டாம்" என்றார், யாமும் உடன்பட்டோம். ஆகவே பெருமீனோடு வைக்கத்தக்க இறால் எது என்று எம்மை வினவுவார்க்கு, இன்ன இறால் என்று சொல்வதற்கு முன், இன்ன மீன் எனில் எவ்விறாலும் வேண்டா என்று சொல்லத் துணிவோம். இழக்கும் உயிர் நம்முடையதன்று என்பதால் சோதனை எளிதாகத் தோன்றுகிறது.

கோடை விடுமுறையில் வீடு சென்றிருந்தோம். மாலையில் நாடாவின் ஓசை நின்றதும் சிங்கமீன் தகட்டின் அருகே வந்து செதில் விரித்து நிற்கும். மறுபுறம் இறால் மண்குழாயை விட்டு வெளிவந்து, முன்போலவே உடலை ஆட்டி அழைக்கும். தமையனார் தறிக்குழியினின்று எழுந்து, கால் வலி தீர உதறிக்கொண்டு, அவ்விரண்டையும் பார்த்து நிற்பார். இப்பொழுதெல்லாம் யாம் அவருக்கு ஒன்றும் விளக்குவதில்லை. தொட்டிக்கு நன்னீர் ஊற்றும் வேலையை வாங்கிக்கொண்டோம். காலையில் பாவு புணைக்கும்போது உடனிருந்து இழை எடுத்துக் கொடுக்கிறோம்.